25 டாலர் கடன்: கிவாவில் புதிதாகச் சேர்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கென்யாவில் ஒரு தையற்கடை, பெருவில் உருளைக்கிழங்கு விதை, பிலிப்பைன்ஸில் பெட்டிக்கடைக்குச் சரக்கு. ஒரு புகைப்படம், நாலு வரிக் கதை, கீழே ஒரு பொத்தான். வீட்டில் இருந்தபடியே 25 டாலர் கடன் கொடுக்க கிவா வழி செய்கிறது. மாட் ஃபிளானரியும் ஜெசிகா ஜாக்லியும் 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய லாப நோக்கில்லாத அமைப்பு இது. முதல் கடன்கள் உகாண்டாவில் கொடுக்கப்பட்டன.

கடன் கொடுப்பவருக்கு வட்டி கிடையாது. அசல் தவணை தவணையாகத் திரும்பி வரும், அதுவும் முழுதாக வரும் என்ற உத்தரவாதம் இல்லை. வந்ததை மறுபடி இன்னொருவருக்குக் கொடுக்கலாம், வெளியே எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். வருமானம் தேடுபவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இங்கே போட்ட பணம் பெருகாது. நாலைந்து வருடக் கணக்குப் பார்த்தால் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எப்படியும் தர்மமாகக் கொடுத்திருக்கக்கூடிய பணம், திரும்பி வந்தால் நாலு பேரிடம் சுற்றட்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும்.

பணம் போகும் வழி

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் 25 டாலர் நேராக அந்தத் தையல்காரர் கைக்குப் போய்விடுவதில்லை. நடுவில் ஓர் உள்ளூர் நிறுவனம் இருக்கிறது. அது ஏழைகளுக்குச் சிறு கடன் தரும் நுண்கடன் (மைக்ரோ ஃபைனான்ஸ்) நிறுவனமாக இருக்கலாம், கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், சோலார் விளக்கைத் தவணைக்கு விற்கும் கம்பெனியாகக்கூட இருக்கலாம். ஆளைப் பார்த்து மனு வாங்குவதும், படமெடுத்துக் கதை எழுதுவதும், தவணை வசூலிப்பதும் அதன் வேலை. கதையைச் சரிபார்ப்பதும் மொழிபெயர்ப்பதும் பெரும்பாலும் கிவாவின் தன்னார்வலர்கள்.

பெரும்பாலான கடன்கள், படம் இணையத்தில் ஏறுவதற்கு முன்பே கையில் கொடுக்கப்பட்டுவிட்டவை. தையல்காரர் மெஷின் வாங்கித் தைத்துக்கொண்டிருப்பார். உங்கள் பணம், அந்த நிறுவனம் ஏற்கெனவே போட்ட முதலை ஈடுகட்டும். பொருளாதார ஆய்வாளர் டேவிட் ரூட்மன் 2009 அக்டோபரில் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகுதான் கிவா தன் விளக்கங்களைத் திருத்திக்கொண்டது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. விதைப்புக்குப் பணம் கேட்டவரை, நாற்பது அந்நியர்கள் படத்தைப் பார்த்து மனமிரங்கும் வரை காக்க வைக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் இதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறை மாற வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் அவருக்குக் கடன் கிடைத்திருக்கும். உங்கள் பணம் வலுப்படுத்துவது அந்த நிறுவனத்தை. பணம் திரும்புமா என்பதும் பெருமளவு அந்த நிறுவனத்தைப் பொறுத்தது. படத்தில் சிரிப்பவரைப் பார்ப்பதற்கு 1 நிமிடம் போதும், நிறுவனத்தின் பக்கத்தைப் படிக்க 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

கணக்கு தொடங்குதல்

மின்னஞ்சல் முகவரி, ஒரு கார்டு அல்லது பேபால் கணக்கு, இவை போதும். கடனைத் தேர்ந்தெடுத்தால் அது கூடையில் சேரும், கடைசியில் பணம் கட்டும் பக்கம் வரும். அங்கே மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கிவாவின் நிர்வாகச் செலவுக்கான நன்கொடை. ஒரு தொகையை அவர்களே முன்கூட்டி நிரப்பி வைத்திருப்பார்கள். அது கட்டாயம் இல்லை. குறைக்கலாம், பூஜ்ஜியமும் ஆக்கலாம். இந்தத் தொகை கடனில் சேராது, திரும்பியும் வராது. இரண்டாவது, திரும்பிய பணத்தைத் தானாகவே மறுபடி கடனாக விடும் வசதி. புதிதில் அதை அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பார்த்தே இராத நிறுவனத்துக்கு உங்கள் பணம் போய்விடும். மூன்றாவது, உங்கள் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம். சிங்கப்பூர், பிரிட்டன், கனடா என்று டாலர் அல்லாத கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது 2 முதல் 3.5 சதவீதம் வரை போகலாம். மாதாமாதம் 25 டாலர் போட்டு எடுப்பதைவிட, ஒரு தடவை 100 அல்லது 200 போட்டு உள்ளேயே சுழற்றுவது நல்லது.

வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க: கொடுத்தது கடன், தானம் இல்லை. அமெரிக்காவில்கூடக் கிவாவுக்குத் தனியாகக் கொடுத்த நன்கொடைக்குத்தான் கழிவு, கடன் தொகைக்கு இல்லை.

கடன் பக்கத்தைப் படிப்பது

ஒரு கற்பனைக் கடனை எடுத்துக்கொள்வோம். பிலிப்பைன்ஸில் ஒரு பெண், ‘சாரி-சாரி’ கடை. நம்மூர்ப் பெட்டிக்கடைதான்: ஷாம்பு பாக்கெட், அரிசி, முட்டை, சிகரெட், போன் ரீசார்ஜ். கேட்பது 300 டாலர், 8 மாதம், கதையில் ‘அரிசி, சர்க்கரை, டின் மீன் வாங்க’ என்று இருக்கிறது.

கதையின் நடையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கிளை ஊழியர் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு இதை எழுதியிருப்பார், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போலத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே உள்ள விவரக் கட்டம்.

தவணை முறை: மாதாமாதமா, ஒழுங்கற்றதா, கடைசியில் மொத்தமாகவா? பெட்டிக்கடைக்குத் தினமும் காசு புரளும், எனவே மாதத் தவணை இயல்பு. விவசாயக் கடன் என்றால் அறுவடைக்குப் பிறகு மொத்தமாகக் கட்டுவது வழக்கம். அங்கே உங்கள் 25 டாலரும் ஒரே ஒரு பருவத்தை நம்பியிருக்கும். மழை பொய்த்தால் பாதி வந்திருக்கும் என்ற ஆறுதலும் இல்லை. கால்நடைக் கடன் இரண்டுக்கும் நடுவில்.

கால அளவு: புதியவர்கள் 8 முதல் 14 மாதக் கடனில் தொடங்கட்டும். 24 மாதத்துக்கு மேல் போனால் நாணய மதிப்பும் அரசியலும் மாற நேரம் கிடைத்துவிடுகிறது.

பணம் கொடுத்த தேதி: முன்பே கொடுத்த கடன் என்றால் முதல் தவணை சீக்கிரமே வர ஆரம்பிக்கலாம்.

நிதி திரட்டும் கெடு: வழக்கமாக 30 நாள். அதற்குள் தொகை நிரம்பாவிட்டால் உங்கள் பங்கு கிவா கணக்குக்கே திரும்பிவிடும்.

குழுப்படம் என்றால் அது குழுக்கடன். படத்தில் கை தூக்கி நிற்பவர்தான் கதையில் வருபவர். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டிய ஏற்பாடு. கடன் கொடுப்பவருக்கு இது பாதுகாப்பு. வாங்குபவருக்கு என்னவென்று தமிழ்நாட்டிலோ வன்னியிலோ குழுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தவணை குறைந்தால் கூட்டத்தை விட்டு யாரும் நகர முடியாது.

நிறுவனத்தின் பக்கம்

கடன் பக்கத்திலேயே கூட்டாளி நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு தகவல் பலகை. வரிசையாகப் போகாமல், முக்கியமானதிலிருந்து பார்ப்போம்.

கடன் வாங்குபவருக்கு ஆகும் சராசரிச் செலவு. நீங்கள் வட்டி வாங்கவில்லை, ஆனால் அவர் வட்டி கட்டுகிறார். 30, 35 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்ததும் பலர் அதிர்ந்து பக்கத்தை மூடிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். 300 டாலர் கடனுக்கும் 30,000 டாலர் கடனுக்கும் மனு, விசாரணை, வசூல் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஊழியர் வாராவாரம் மோட்டார் சைக்கிளில் போய் வரும் செலவை 300 டாலரில் பிரித்தால் சதவீதம் ஏறத்தான் செய்யும். எனவே ஒரு நாட்டின் எண்ணை இன்னொரு நாட்டோடு ஒப்பிடாமல், அதே நாட்டில் கிவாவில் இருக்கும் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுங்கள். மற்றவை 28-லிருந்து 35-க்குள் இருக்க ஒன்று மட்டும் 55 என்றால், காரணம் எழுதியிருக்கிறதா பாருங்கள்: மலைப்பகுதி, மிகச் சிறிய கடன், கூடவே பயிற்சி. காரணம் இல்லையென்றால் அடுத்ததற்குப் போங்கள்.

அந்தச் சதவீதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதும் முக்கியம், ஏனென்றால் பிளாட் வட்டி கண்ணைக் கட்டும். 10,000 ரூபாய்க்கு ‘20 சதவீதம்’, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12,000, மாதம் 1,000. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு 10,000-க்கும் போடப்படுகிறது. உண்மையான வருட வட்டி சுமார் 35 சதவீதம். இதோடு ‘கட்டாயச் சேமிப்பு’ என்று முதலிலேயே 1,000 பிடித்துக்கொண்டு, கடைசியில் வட்டியில்லாமல் திருப்பிக் கொடுத்தால்? கைக்கு வந்தது 9,000, தவணை மட்டும் அதே 1,000. இப்போது உண்மையான வட்டி 42 சதவீதத்தைத் தொடும். 20 என்று சொன்னது 42 ஆன கதை இது. ஒரு பொய்கூடச் சொல்லப்படவில்லை. கிவா பக்கத்தில் இருக்கும் சராசரிச் செலவு பிளாட் கணக்கில் இராது, ஆனால் கட்டாயச் சேமிப்பின் பாரம் அதில் முழுதாகத் தெரியாமல் போகலாம். நிறுவனத்தைப் பற்றிய விளக்கத்தில் சேமிப்பு கட்டாயமா என்று தேடிப் பாருங்கள்.

நட்சத்திரங்கள். அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை. இவை அந்த நிறுவனம் கவிழ்ந்துவிடும் அபாயத்தைச் சொல்பவை. படத்தில் இருக்கும் பெண்மணியின் நேர்மையைப் பற்றி எதுவும் சொல்லாதவை. கடை வைத்தவர்கள் ஒழுங்காகக் கட்டியிருப்பார்கள், நிறுவனத்தின் தலைமையில் முறைகேடு நடந்து பணம் மேலே போகாமல் நின்றிருக்கும். ஒரு கடனாளி கட்டத் தவறினால் போவது ஒரு 25 டாலர். நிறுவனம் நின்றால் அங்கே நீங்கள் போட்ட அத்தனையும் நிற்கும். நாலைந்து நட்சத்திரத்தில் தொடங்குங்கள். கணக்குப் பிடிபட்ட பிறகு, போர் நடந்த பகுதிகளில் வேலை செய்யும் குறைந்த நட்சத்திர நிறுவனங்களுக்கு ஒரு பங்கை ஒதுக்கலாம், அங்கேதான் வேறு முதல் கிடைக்காது.

வராக்கடன் விகிதம். குறைவாக இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் வேகமாக வளரும் புது நிறுவனத்தில் பெரும்பாலான கடன்கள் இன்னும் கெடுவுக்கே வந்திராது. அதனால் எண் சிறியதாகத் தெரியும். கெடு தாண்டிய தவணை எவ்வளவு, தாமதமான கடன்களில் நிலுவை எவ்வளவு என்ற மற்ற இரண்டு எண்களையும் சேர்த்தே பாருங்கள். பல ஆண்டுகளாகப் பூஜ்ஜியம் என்றால் அதையும் சந்தேகத்தோடு பாருங்கள். கட்டாதவர்களுக்காக நிறுவனமே தன் கைக்காசைப் போட்டு அடைத்திருக்கலாம், அல்லது வசூல் கெடுபிடி அவ்வளவு கடுமையாக இருக்கலாம். ஓரளவு வராக்கடன் இருப்பதுதான் இயல்பு.

சராசரிக் கடன் தொகை நாட்டின் தனிநபர் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். அந்தச் சதவீதம் சிறியதாக இருந்தால் அந்த நிறுவனம் ஏழைகளிடம் போகிறது என்று கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, பலகையில் இல்லாதது: அந்த நாட்டில் நுண்கடன் எந்த நிலையில் இருக்கிறது? ஆந்திராவில் பல நிறுவனங்கள் ஒரே குடும்பத்துக்கு மாற்றி மாற்றிக் கடன் கொடுத்துக் கொந்தளிப்பு வர, 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட்டது, வசூல் சரிந்தது. இலங்கையில் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய நுண்கடன்களில் ஒரு பகுதியை அரசே 2018-இல் தள்ளுபடி செய்யும் நிலை வந்தது. கம்போடியாவில் நிலப் பத்திரத்தை அடகாக வாங்கிக் கடன் கொடுப்பதால் குடும்பங்கள் நிலத்தை இழப்பதை மனித உரிமை அமைப்பான லிக்காடோ 2019-இல் அறிக்கையாக வெளியிட்டது. நிலத்தை அடகு வாங்கும் நாடு என்றால் 500 டாலர் கடனும் விளையாட்டு இல்லை. நாட்டின் பெயரோடு ‘நுண்கடன் நெருக்கடி’ என்று ஒரு தேடல் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நாணய இழப்பு

நீங்கள் கொடுப்பது டாலர், அவர் கட்டுவது பெசோ, ஷில்லிங், நைரா. நடுவில் அந்த நாணயம் விழுந்தால் யார் தாங்குவது? கடன் பக்கத்தில் ‘நாணய இழப்பை நிறுவனம் ஏற்கிறதா’ என்று ஒரு வரி இருக்கும். ஏற்கிறது என்றால் உங்களுக்குக் கவலை இல்லை. பகுதியளவு என்றால் வழக்கமாக முதல் 10 சதவீத வீழ்ச்சியை நிறுவனம் தாங்கும், அதற்கு மேல் உங்கள் தலையில். உதாரணமாக, உங்கள் 25-இல் பாதி திரும்பிவிட்டது, 12.50 பாக்கி, அந்த நேரத்தில் நாணயம் 30 சதவீதம் விழுகிறது. 10 போக மீதி 20 சதவீதம், அதாவது ஏறத்தாழ 2.50 டாலர் உங்கள் நஷ்டம். கடனாளி ஒரு தவணைகூடத் தவறவிடாமலேயே இது நடக்கும்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் 2022-இல் இலங்கை ரூபாய் சில வாரங்களில் டாலருக்கு 200-லிருந்து 360 வரை போனதை நினைத்துப் பார்க்கலாம். 2023 ஜூனில் நைஜீரிய நைரா விழுந்ததும் அப்படித்தான். ஈக்வடார், எல் சால்வடார் போல டாலரையே புழங்கும் நாடுகளில் இந்தத் தலைவலி இல்லை.

எப்படிப் பிரிப்பது

கையில் 100 டாலர் இருந்தால் 4 கடன், 4 வெவ்வேறு நிறுவனம், குறைந்தது 3 நாடு. ஒரே நிறுவனத்தில் நான்கு பேருக்குக் கொடுப்பது பிரித்துக் கொடுத்ததாக ஆகாது. பயிர்க்கடன் ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

250 டாலர் போட முடிந்தால் சுழற்சி தானே பிடித்துக்கொள்ளும். 10 கடன், எல்லாம் 12 மாதம், மாதத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 21 டாலர் திரும்பி வரும். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கடன் ஒன்று, கையிலிருந்து காசு போடாமலே. 100 டாலரோடு தொடங்கியவர்களுக்கு முதல் 25 சேர மூன்று மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

தவணை தாமதமானால்

கெடு தேதியில் உங்கள் கணக்கில் பணம் ஏறாவிட்டால் உடனே பதற வேண்டாம். ஊழியர் வசூலித்து, கிளையில் கணக்கு முடித்து, மாத அறிக்கை கிவாவுக்குப் போய், அதன் பிறகுதான் உங்கள் பக்கத்தில் தெரியும். நிறுவனத்துக்குப் போக வேண்டிய புதுக் கடன் தொகையையும் அது திருப்ப வேண்டிய தவணையையும் கழித்து மிச்சத்தைத்தான் அனுப்பிக்கொள்வார்கள். ஆகவே ஒரு மாதம், இரண்டு மாதம் தள்ளிப் போவது சாதாரணம்.

மூன்று மாதம் தாண்டினால் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் கடன் மட்டும் தாமதமா, எல்லாமே தாமதமா? உங்களுடையது மட்டும் என்றால் கடைக்காரருக்கு ஏதோ ஆகியிருக்கிறது: நோய், திருட்டு, வெள்ளம். எல்லாமே என்றால் நிறுவனத்தில் கோளாறு, அந்த நிறுவனத்துக்குப் புதிதாகக் கொடுப்பதை நிறுத்துங்கள். கடைசித் தவணைத் தேதி கடந்து பொதுவாக 6 மாதம் ஆனால் வராக்கடன் என்று குறிப்பார்கள். அதற்குப் பிறகும் சில்லறையாக வந்து சேர்வது உண்டு. கடன் வாங்கியவரை முகநூலில் தேடிப்பிடித்துச் செய்தி அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம். அவருக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, பயந்துபோவார்.

சில ஆண்டுகளாகக் கிவா தன் கூட்டாளி நிறுவனங்களிடம் கட்டணமும் வாங்குகிறது. வட்டியில்லாப் பணம் என்று நம்பிக் கொடுத்த பழைய உறுப்பினர்களில் ஒரு பகுதியினர் இதை எதிர்த்துக் கடன் கொடுப்பதையே நிறுத்தினார்கள். நடுவில் யாரும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு 2009-இல் ஜூலியா கர்னியா தொடங்கிய ஸிடிஷா என்ற தளம் இருக்கிறது. அங்கே கடனாளியே இணையத்தில் நேரடியாகக் கேட்பார், செலவு குறைவு. ஆனால் வாசலில் போய் நின்று வசூலிக்க ஆள் இல்லாததால் பணம் திரும்பாமல் போவதற்கான வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடனால் ஏழ்மை ஒழிந்துவிடுமா? போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் சேர்ந்து வெளிவந்தன. தொழில் செய்யும் சுதந்திரம் ஓரளவு கூடியது. குடும்ப வருமானம் கணிசமாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. அந்த அளவு மட்டும் எதிர்பார்த்துக் கொடுத்தால் ஏமாற்றம் இல்லை.

இந்தியாவிலிருந்து கொடுப்பவர்கள்

கிவாவுக்குக் கார்டில் பணம் போவதைவிடத் திரும்பி வருவதுதான் சிக்கல். பணத்தை வெளியே எடுப்பது பேபால் வழியாக. இந்திய பேபால் கணக்கோ பொருள், சேவை ஏற்றுமதிக்கு வரும் பணத்துக்கானது. கடன் அசல் அந்த வகையில் சேராது. உள்ளே சுழன்றுகொண்டே இருக்கட்டும் என்றால் மட்டும் போடுங்கள்.

திரும்ப எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு உள்நாட்டு வழி இருக்கிறது. 2008-இல் தொடங்கிய ரங் தே, இப்போது ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற பி2பி நிறுவனம், அதாவது கடன் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கும் தளம். கிராமத்துக் கைவினைஞர், விவசாயிகளுக்கு ரூபாயிலேயே கடன் கொடுக்கலாம், நாணய அபாயம் இல்லை. இந்த வகைத் தளங்களுக்கு ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் விதி வகுத்தது. ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50 லட்சம் ரூபாய் வரை கொடுக்கலாம். 10 லட்சத்தைத் தாண்டினால் ஆடிட்டரிடம் நிகர சொத்துச் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும். ஒரே கடனாளிக்கு ஒருவர் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது. கடன் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. 2024 ஆகஸ்டில் விதிகள் இறுகின: அசலோ வட்டியோ வராமல் போனால் நஷ்டம் முழுவதும் கொடுத்தவருடையது, தளம் அதை ஈடுகட்டக் கூடாது. ‘எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உறுதியான வருமானம்’ என்று எந்தத் தளமாவது விளம்பரம் செய்தால் அது விதிக்கே புறம்பானது. பணம் போடுவதற்கு முன், ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கும் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். தளத்தின் அடியில் போட்டிருக்கும் பதிவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.